விற்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

ஆலங்குளம் சுற்றுவட்டாரத்தில் வயல் ஆய்வுக்குப் போனால், மக்காச்சோளப் படைப்புழு பற்றியும் பருத்தி பற்றியும் கேட்டு முடித்த பிறகு சிலர் தயங்கித் தயங்கி இன்னொரு கேள்வி கேட்பார்கள். "சார், எங்க வீட்டுப் பரண்ல ஒரு பாட்டுப்பெட்டி கிடக்கு. இரும்புக்காரர் கேக்குறாரு. குடுக்கலாமா?"

பழைய கிராமபோன்களை வாங்கிப் பழுதுபார்ப்பது என் பொழுதுபோக்கு. இருபது ஆண்டுகளாகச் செய்கிறேன். தனித்தனியாகச் சொல்லிவந்த பதிலை இங்கே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பெட்டிக்கும் விவசாயத்துக்கும் உறவு உண்டு. அதில் சுழலும் பழைய இசைத்தட்டு அரக்கால் ஆனது. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. அதைச் சுத்தம் செய்து, கல்பொடியும் கரியும் கலந்து அழுத்தினால் தட்டு. நம் கரிசலில் வேலியோரம் நிற்கும் இலந்தையை, வடக்கே ஜார்க்கண்ட் பக்கம் அரக்குக்காகவே பராமரிக்கிறார்கள். அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ராஞ்சி அருகே நாம்குமில் 1924-ல் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. காரைக்குடி ஏ.வி.மெய்யப்பன் சினிமாவுக்கு வருவதற்கு முன் சென்னையில் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' மூலம் விற்றதும் இந்தத் தட்டுகளைத்தான். நம் பக்கத்துச் செங்கோட்டையின் நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல், முப்பது வயதுகூட ஆகாமல் காலமானார். அவர் குரல் இன்றைக்கும் நமக்குக் கிடைப்பது இந்த அரக்குத் தட்டுகளின் புண்ணியத்தால்.

இனி, அடையாளம் காண்பது. உர மூட்டையில் போலி இருப்பதுபோல் கிராமபோனிலும் போலி உண்டு. பளபளக்கும் பித்தளைக் குழாய், எண்கோணப் பலகை, நாய்ப் படம் போட்ட பெரிய வில்லை. இதைப் பார்த்ததும் 'வெள்ளைக்காரன் காலத்துப் பொருள்' என்று பலர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை அண்மைக் காலத்தில் ஒட்டுப்போட்டுச் செய்தவை. திருகாணிகளைப் பாருங்கள். கூட்டல் குறி போட்ட 'ஸ்டார்' திருகாணி இருந்தால் பழைய பெட்டியில் புதுக் கை பட்டிருக்கிறது. பலகையைக் கவிழ்த்து உள்பக்கம் பாருங்கள். மேலே பழசாகவும் உள்ளே பச்சை மரமாகவும் இருந்தால் வாங்காதீர்கள்.

நம் கிராமங்களில் கிடைக்கும் நல்ல பொருள் பெரும்பாலும் சூட்கேஸ் போன்ற கைப்பெட்டி வகைதான். வெளியே குழாயே இருக்காது. அதனால் அதை யாரும் மதிப்பதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படி ஒரு பெட்டியைப் பார்த்தேன். எண்பது வயதுப் பாட்டி. மகன் இறந்துவிட்டார், பேரன்தான் நிலத்தைப் பார்க்கிறான். விதைப்புக்குப் பணம் தேவைப்பட்டது. பழைய சாமான்காரர் 500 ரூபாய் சொல்லியிருந்தார். "நீங்க 600 குடுத்தா எடுத்துக்கங்க தம்பி" என்றார் பாட்டி.

மூடியைத் திறந்தேன். எச்.எம்.வி. 102. 1931-ல் வரத் தொடங்கிய வகை. ஊசி மாட்டும் வட்டமான சவுண்ட்பாக்ஸில் '5பி' என்று பொறித்திருந்தது. அந்த வகைக்கு உரியதுதான். கைப்பிடி இருந்தது. உடன் பதினான்கு தட்டுகள். காகித உறைகளைக் கரையான் தின்றிருந்தது, தட்டுகளைத் தொடவில்லை.

600 ரூபாய்க்கு வாங்கியிருக்கலாம். அவரே சொன்ன விலை. யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் கமிஷன் கடையில் விலை தெரியாத விவசாயியிடம் வியாபாரி செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? "பாட்டி, இது ஆயிரக்கணக்கில் போகும். மதுரையில் ரெண்டு பேரிடம் படம் அனுப்பி விலை கேளுங்கள். அப்புறம் பேசுவோம்" என்றேன். பேரன் கேட்டான். ஒருவர் 5,000, இன்னொருவர் 6,000. நான் 6,500 கொடுத்தேன். பாட்டி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "பாடுச்சுன்னா ஒரு தடவை கொண்டாந்து காட்டணும். எங்க வீட்டுக்காரரு போட்ட பாட்டு."

பழுதுபார்க்க நாலு மாதம் ஆனது. முதல் விதி, பழைய பெட்டி கிடைத்ததும் சாவி கொடுக்காதீர்கள். உள்ளே கிரீஸ் கட்டியாகியிருக்கும். முறுக்கை முழுதாகத் தளரவிட்டுத்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். சுருள்வில் இருக்கும் டப்பாவை மட்டும் தெரியாதவர்கள் திறக்கவே கூடாது. வில் தெறித்தால் கையைக் கிழித்துவிடும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவிய பின் வில்லுக்கு கிராஃபைட் கிரீஸ், வேகத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று குண்டுகள் உள்ள பகுதிக்குத் தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். சவுண்ட்பாக்ஸ் உள்ளே ரப்பர் வளையம் கல்லாகியிருந்தது. அதற்குப் பதில் மெல்லிய சிலிக்கான் குழாய் வெட்டி வைத்தேன். கரகரப்பு பாதி அதிலேயே போனது.

வேகம் சரியா என்று பார்க்க, தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 78 சுற்று வந்தால் சரி. இரும்பு ஊசியைத் தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். தேய்ந்த ஊசி தட்டை உழுதுவிடும். தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். மென்மையான சோப்புத் தண்ணீர் போதும், நடுவிலுள்ள காகிதம் நனையாமல். பிற்கால பிளாஸ்டிக் எல்.பி. தட்டுகளை இதில் போட்டால் அவை பாழாகும்.

பெயின்ட் அடிக்கவில்லை, வார்னிஷ் பூசவில்லை. பழைய துணி உறை கிழிந்த இடத்தை ஒட்டியதோடு சரி. பழுப்பேறிய பழைய பூச்சுக்குத்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு.

சொன்னபடி கொண்டுபோனேன். மின்சாரம் இல்லாத மதியம். இதற்கு அது தேவையும் இல்லை. திண்ணையில் வைத்துச் சாவி கொடுத்தேன். மூன்று நிமிடம் பாட்டு ஓடியது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், "திருப்பிப் போடுங்க தம்பி, பின்பக்கமும் இருக்கு" என்றார். ஐம்பது வருடம் கேட்காதவருக்குத் தட்டின் பின்பக்கம் நினைவிருந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம். எடைக்குப் போடும் முன் மூடியைத் திறந்து, உள்ளே உள்ள பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிடியையும் தட்டுகளையும் பிரிக்காதீர்கள்; சேர்ந்திருந்தால்தான் விலை. குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். விற்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் என்ன பொருள் என்று தெரிந்த பிறகு முடிவெடுங்கள். நெல்லுக்கும் பருத்திக்கும் நாம் கேட்கும் நியாயம் இதற்கும் உண்டு.