திறந்திருந்த கதவு

மைசூரில் குடியேறி முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் காவிரியைக் கண்டால் எனக்குத் திருச்சிராப்பள்ளியின் நினைவே வரும். ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆதிரங்கம் என்றும், நம் திருவரங்கத்தை அந்தியரங்கம் என்றும் பெரியோர் வழங்குவர். இரண்டையும் தழுவிச் செல்வது ஒரே ஆறு. ஆயினும் சில ஆண்டுகளாக அவ்வாற்றைக் காணும்போதெல்லாம் என் உள்ளத்தில் மகிழ்ச்சியினும் கசப்பே மிகுந்திருந்தது.

காரணம் என் தம்பி. தந்தையார் விட்டுச் சென்ற வீட்டை விற்றுப் பெற்ற பணத்தில் என் பங்கையும் சேர்த்து வாணிகத்தில் இட்டான், அனைத்தையும் இழந்தான். என் மகளின் திருமணத்திற்கென நான் நம்பியிருந்த பணம் அது. மன்னிப்புக் கேட்டு மூன்று கடிதங்கள் எழுதினான். ஒன்றுக்கும் நான் மறுமொழி விடுக்கவில்லை. ஞாயிறுதோறும் தேவாலயம் செல்வேன்; ஆண்டவர் கற்பித்த செபத்தில் மன்னிப்பைப் பற்றிய பகுதி வரும்போது மட்டும் என் நா தயங்கும்.

ஊரிலிருந்து வந்த விருந்தினரை ஒருநாள் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அழைத்துச் சென்றேன். அவர்கள் தரியா தௌலத் மாளிகையின் ஓவியங்களைக் கண்டுகொண்டிருக்க, நான் அபே துபுவா என்னும் பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயரால் வழங்கும் சிறு தேவாலயத்திற்குச் சென்று அமர்ந்தேன். அவருடைய வரலாற்றை முன்பே படித்தவன்தான். ஆனால் அது எனக்கும் உரியது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

1784-ஆம் ஆண்டில், ஆங்கிலேயருக்குத் துணைநின்றனர் என்ற ஐயத்தின் பேரில், மேலைக் கடற்கரையில் வாழ்ந்த கத்தோலிக்கர் பல்லாயிரவர் சிறைப்பட்டு இவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டனர். வழியிலும் சிறையிலும் மாண்டவர் பலர். அச்சத்தாலும் வருத்தம் தாங்காமலும் தம் சமயத்தைத் துறந்தவரும் பலர். 1799 மே 4-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. சிறைவாசம் முடிந்தது, உள்ளத்தின் சிறை முடியவில்லை. மறுதலித்துவிட்ட தம்மை ஆண்டவர் ஏற்பாரோ, அண்டை வீட்டார் ஏற்பாரோ என்று கலங்கி நின்ற அம்மக்களைத் தேடி வந்தவர் துபுவா.

வீழ்ந்தவர்களை அவர் மீண்டும் திருச்சபையில் சேர்த்துக்கொண்டார். அதனோடு நின்றாரல்லர். பிழைக்க வழியற்றவர்களுக்கென வேளாண் குடியிருப்புகளை அமைத்தார். அம்மை நோய் கொள்ளைகொண்ட அக்காலத்தில் அம்மைப்பால் குத்தும் முறையை ஆயிரக்கணக்கான மக்களிடையே பரப்பினார். இந்நாட்டு உடையும் உணவும் அவருக்கு உரியவையாயின. அவருடைய இரக்கம் ஏர் பூட்டவும் நோய் தடுக்கவும் அறிந்த இரக்கம்.

ஆயினும் அவருக்கும் ஏமாற்றம் நேர்ந்தது. கால் நூற்றாண்டு உழைப்பில் புதிதாகச் சமயம் தழுவியவர் இருநூறு முந்நூறு பேரே என்று அவரே மறைக்காமல் எழுதினார். இந்நாட்டில் இப்பணி பலிக்காது என்னும் முடிவுக்கே வந்துவிட்டார். 1823-இல் இந்தியாவை விட்டுச் சென்றவர் மீண்டு வரவேயில்லை. ஆனால் பாரிசில் என்ன செய்தார்? கீழ்நாடுகளுக்குச் செல்லும் இளங்குருக்களைப் பயிற்றும் கல்லூரியில் இயக்குநராக அமர்ந்தார். பின்னர் அதன் தலைவருமானார். 1848-இல் இறந்தார். பலிக்காது என்று எழுதிய கையே புறப்படுவோரை வாழ்த்தியனுப்பியது! நம்பிக்கை என்பது கணக்கேட்டின் கூட்டுத்தொகை அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அங்கே அமர்ந்திருந்தபோது பேதுருவும் நினைவுக்கு வந்தார். மும்முறை மறுதலித்த அவரை, உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் சந்தித்தபோது, 'ஏன் மறுதலித்தாய்?' என்று வினவவில்லை. அன்பு இருக்கிறதா என்றே மும்முறையும் கேட்டார். கேட்டு, தம் ஆடுகளையே அவரிடம் ஒப்படைத்தார்.

என் தம்பியும் மும்முறை எழுதினானே! அவன் செய்தது நம்பிக்கைத் துரோகம் என்றே இத்தனை நாள் கணக்கிட்டு வந்தேன். அவன் கேட்டதோ கணக்கன்று, கதவு. அதைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவன் நான். அவனைச் சிறையில் வைத்ததாக எண்ணி நானே சிறையில் இருந்திருக்கிறேன்.

அன்றிரவே தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். "அண்ணா" என்ற ஒரு சொல்லுக்குப்பின் அவனால் பேச இயலவில்லை. எனக்கும் அதே நிலைதான்.

இழந்த பணம் திரும்பவில்லை. திரும்பும் என்றும் தோன்றவில்லை. மகளின் திருமணத்திற்காக வாங்கிய கடனை இன்னும் அடைத்து வருகிறேன். ஏமாற்றம் ஏமாற்றமாகவே இருக்கிறது. அதிலிருந்த நஞ்சு மட்டும் போயிற்று. கிறிஸ்து பிறப்பு விழாவிற்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றங்கரைப் படியில் இருவரும் அமர்ந்தோம். "இந்தத் தண்ணீர்தானே அண்ணா நம் ஊருக்கும் வருகிறது?" என்றான். ஆம் என்றேன்.

ஊரை விட்டு வந்த நம்மில் பலர்க்கும் அங்கே சாத்திவிட்டு வந்த கதவு ஒன்று இருக்கக்கூடும். அதைத் திறக்கும் வலிமை நம்மிடம் இல்லை எனில், நமக்குத் திறந்தவரிடம் கேட்போம். அவர் மறுப்பதில்லை.