விரல் படிக்கும் வரி

உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த எலவனாசூர்கோட்டையில் பழைமையான சிவன் கோயில் ஒன்று உள்ளது. அதில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. தேய்ந்த கல்லெழுத்தைப் படிக்க முனைவோர் சில இடங்களில் கண்ணை விட்டு விரலை நாடுவர். பார்வையற்றோருக்கோ எழுத்து எல்லாமே விரல்வழி வருவதுதான்.

லூயி பிரெயில் தம் ஆறு புள்ளி முறையை 1829இல் வெளியிட்டார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் உருவாயிற்று. அதில் அகரத்திற்கு ஒரு புள்ளி. ககரத்திற்கு முதற்புள்ளியும் மூன்றாம் புள்ளியும். இப்புள்ளிகள் இன்று கணினிக்கும் வந்துவிட்டன. விசைப்பலகைக்கு முன் வைக்கும் பிரெயில் பலகையில் நுண்ணிய ஊசிகள் மின்விசையால் எழுந்தும் தாழ்ந்தும் திரையின் வரியைக் காட்டும். பல பலகைகளில் தட்டெழுதும் விசைகளும் உண்டு. ஒன்றையும் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் ‘க’ பிறக்கும். பெரிய பலகைகளின் விலை இலட்சத்தைத் தாண்டும்.

அதனைக் கணினியோடு பேசவைக்கும் இயக்கி மென்பொருளோ விலையின்றியே கிடைக்கிறது. பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்னும் அக்கட்டற்ற மென்பொருள் 1995 முதல் வளர்ந்து வருவது. எந்த இயக்கி, எந்த இணைப்பு, எம்மொழி அட்டவணை என மூன்று வரிகளை அமைப்புக் கோப்பில் எழுதினால் போதும். ஆனால், இயக்கி இயங்கும் முன் அக்கோப்பைப் பார்வையற்றவர் எங்ஙனம் படிப்பார்? கதவின் சாவி வீட்டிற்குள் இருப்பது போன்ற நிலை இது. எனவேதான் லினக்ஸ் வகைகள் சிலவற்றில் இது முன்னரே நிறுவப்பட்டுள்ளது. பலகையைச் செருகியதும் அதன் அடையாள எண்ணைக் கண்டு, யாரும் கேளாமலே விழித்துக்கொள்ளும்.

அந்த விழிப்பே 2022இல் வெளியான உபுண்டு 22.04இல் ஒரு சிக்கலாயிற்று. மலிவான இணைப்புச் சில்லு ஒன்று ஒரு பிரெயில் கருவியிலும் உண்டு. மாணவர்கள் பயிலும் ஆர்டுயினோ வகைப் பலகைகள் பலவற்றிலும் உண்டு. இரண்டிற்கும் அடையாள எண் ஒன்றே. ஆர்டுயினோவைச் செருகினால் பிரெயில் இயக்கி அதைத் தனதெனப் பற்றிக்கொள்ளும்; இணைப்பு மறைந்துவிடும். இயக்கியையே நீக்கிவிடு என்பது பலரும் கூறிய எளிய தீர்வு. பலர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினியில் அவ்வாறு செய்தால், அடுத்து வந்தமரும் பார்வையற்ற மாணவரின் விரலடியில் எந்தப் புள்ளியும் எழாது. தமக்கு வேண்டாதது எவருக்கும் வேண்டாதது என எண்ணிவிடுவது எத்துணை எளிது!

நீக்கத் தேவையில்லை. சாதன விதிக் கோப்பில் அச்சில்லுக்குரிய ஒரு வரியின் முன் # குறி இட்டு, கணினியை மீண்டும் தொடங்கினால் ஆர்டுயினோ இயங்கும். ஏனைய பிரெயில் பலகைகள் முன்போலவே தாமாக விழிக்கும். அச்சில்லைக் கொண்ட பிரெயில் கருவியை உடையவர் மட்டும் அதன் பெயரை அமைப்புக் கோப்பில் எழுதவேண்டும். அவ்வொரு வரியை எழுதப் பார்வையுள்ள ஒருவர் சற்று நேரம் அருகிலிருக்க வேண்டியிருக்கும்.