மாறுவேஷம்

படர்தாமரை என்று பெயர் வைத்தவன் ரசிகனாக இருந்திருக்க வேண்டும். வட்டம் வட்டமாகச் சிவந்து அரிக்கிற பீடைக்குத் தாமரை என்று பெயர் சூட்ட வேறு யாருக்கு மனசு வரும்? ஆங்கிலேயன் அதை வளையப் புழு என்கிறான். ரசனையும் இல்லை, விஷயமும் தப்பு. அது புழு அல்ல, காளான். நம் மேல்தோலில் செத்துக் கிடக்கும் கெரட்டினைத் தின்று பிழைக்கிற ஜாதி.

உயிருள்ள அடுக்குக்குள் அது சாதாரணமாக இறங்குவதில்லை. அப்படியானால் சிவப்பும் அரிப்பும் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் அவை தோலின் வேலை. தோலை நாம் ஏதோ தலையணை உறை மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது காவற்காரன். காளானின் சுவரில் இருக்கும் சர்க்கரைப் பொருள்களைக் கொண்டே தோலின் உயிரணுக்கள் ஆளை அடையாளம் கண்டுகொள்கின்றன. உடனே கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைக் கூவி அழைக்கின்றன. மேல்தோலை அவசர அவசரமாக உதிர்த்துத் தள்ளுகின்றன. செதில் உதிர்வது அதனால்தான். நடுவில் சண்டை ஓய்ந்து ஓரத்தில் நடப்பதால்தான் வட்டம்.

இந்த வித்தை நமக்கு மட்டும் சொந்தம் என்று பெருமைப்பட இடமில்லை. 1996-ல் பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பூர்கில், ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வுக்கூடத்தில், ‘டோல்’ என்கிற மரபணு கெட்டுப்போன பழ ஈ காளான் பிடித்துச் செத்துவிடுகிறது என்று கண்டார்கள். ஈயின் உடம்பில் காளான் இழைகள் முளைத்து நிற்கிற படத்தை ஒரு முறை பார்த்தால் போதும், மறக்காது. 2011-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. டோலின் உறவுக்காரர்கள் நம் தோலிலும் உண்டு.

மாட்டிடமிருந்தோ பூனையிடமிருந்தோ தொற்றுகிற காளானுக்குத் தோல் ஊரையே கூட்டிவிடும். கொதித்துச் சீழ் வைத்து, பெரும்பாலும் சீக்கிரமே விரட்டியும் விடும். மனிதனோடு பழகிய காளான் வேறு மாதிரி. சத்தம் போடாமல் குடியிருக்கத் தெரிந்த வாடகைக்காரன்.

எங்கள் தெருத் தையற்காரருக்கு இடுப்பில் வந்தது இந்த வகைதான். மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டார். இரண்டே நாளில் சிவப்பும் மாயம், அரிப்பும் மாயம். கடைக்காரர் கைராசிக்காரர் என்று என்னிடமே புகழ்ந்தார். களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு. அது காளானைத் தொடுவதில்லை. காவற்காரன் வாயைப் பொத்துகிறது. ஆறு மாதத்தில் முதுகு, தொடை, பிறகு மனைவி, பிறகு ஏழு வயதுப் பெண். வட்டமும் இல்லை, ஓரமும் இல்லை. என்ன வியாதி என்றே சொல்ல முடியாத ஒரு மங்கல். பள்ளிக்கூடத்தில் அந்தக் குழந்தையைத் தனியாக உட்கார வைத்தார்கள். இந்தக் கோலத்துக்கு 1968-லேயே இங்கிலாந்தில் இரண்டு வைத்தியர்கள் ‘மாறுவேஷப் படர்தாமரை’ என்று பொருள்படும்படி லத்தீனில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தோல் வைத்தியர் களிம்பை நிறுத்திவிட்டு, காளானுக்கு மாத்திரை கொடுத்தார். பத்தாம் நாள் தையற்காரர் என்னிடம் வந்து நின்றார்.

“நெருப்பாட்டம் எரியுது ஸார். பழைய களிம்பே தேவலை. குழந்தை கழுத்துலே மறுபடியும் வட்டம் தெரியுது. அதைப் பார்த்து டாக்டர் சந்தோஷப்படறார்!”

அந்தச் சந்தோஷம் எதற்கு என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது பிடித்தது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார்கள். இப்போது குழந்தை மற்றவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறது.