வண்டி வாங்கிய இரவு

விரும்பிய பொருள் கைக்கு வந்தவுடன் அதனை இல்லத்திற் கொண்டு சேர்க்குமளவும் மனித உள்ளம் அமைதி கொள்வதில்லை. அவ்வவசரம் எத்துணைத் தீங்கிற்கு இடமாகக் கூடும் என்பதனை யாம் சென்ற கோடை விடுமுறையில் உணர்ந்தோம்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்துப் பிழைக்கும் எம் தந்தையார், நோயுற்ற பாட்டியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொருட்டுப் பழைய கார் ஒன்றினை வாங்கத் துணிந்தார். பாளையங்கோட்டையில் ஒருவர் தம் வண்டியை விற்க இசைந்தார். சனிக்கிழமை பிற்பகல் பணம் கைமாறிற்று. 29, 30 ஆம் எண் படிவங்களிற் கையொப்பமும் ஆயிற்று. ஆர்.சி. புத்தகத்துடன் இருந்த இன்ஷ்யூரன்ஸ் பத்திரத்தை யாம் விரித்துப் பார்த்தோம். அது முந்தைய நள்ளிரவோடு முடிவுற்றிருந்தது.

“60 கிலோமீட்டர்கூட இல்லையே, தம்பி! மானூர், தேவர்குளம், பனவடலிசத்திரம் கடந்தால் ஊர் வந்துவிடும். பத்திரத்தைத் திங்களன்று பார்த்துக்கொள்வோம்; பாட்டி வாசலிற் காத்திருப்பாள்” என்றார் தந்தையார்.

அவ்வமயம் எம் தெருவில் வாழ்ந்த முதிய நெசவாளர் ஒருவர் எம் நினைவில் எழுந்தார். யாம் சிறுவராயிருந்த காலத்து, இன்ஷ்யூரன்ஸ் இல்லாத வண்டியொன்று மோதி அவர் ஒரு காலை இழந்தார். நட்டஈடு கொடுக்குமாறு தீர்ப்பு வந்தது. கொடுத்தற்கோ வண்டிக்காரனிடம் யாதுமில்லை. அவர் திண்ணையிலமர்ந்து பிறருக்குத் தார் சுற்றியே தம் இறுதி நாட்களைக் கழித்தார்.

இத்தகையோர்க்காகவே, வழிச்செல்வோர்க்கு நேரும் தீங்கிற்கு ஈடு செய்யும் இன்ஷ்யூரன்ஸ் கட்டாயம் என்னும் விதி 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்று, 1946 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இன்றுள்ள 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146 ஆம் பிரிவும் அதனையே வற்புறுத்துகின்றது. புதுக்கார் வாங்குவோர் 2018 செப்டம்பர் முதல் மூன்றாண்டிற்கு இதனைச் சேர்த்தே பெறுகின்றனர். பழைய வண்டி வாங்குவோரே விழிப்பாயிருத்தல் வேண்டும். உயிரோடிருக்கும் பத்திரமாயின், பிறர்க்குரிய காப்பு வண்டியோடு வாங்குவோனுக்கு வந்து சேரும். அவன் 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பித்தல் வேண்டும். பத்திரம் தன் பெயருக்கு மாறாதவரை, தன் வண்டிக்கு நேரும் சேதத்திற்கு அவன் ஈடு பெறுதல் அரிது. முடிந்துபோன பத்திரத்திலோ மாற்றிக்கொள்வதற்கே யாதுமில்லை.

இவற்றை எடுத்துரைத்த பின்னர்த் தந்தையார் முகவர் ஒருவரிடம் தொலைபேசியிற் பேசிப் பணம் செலுத்தினார். சிறிது நேரத்திற் புதிய பத்திரம் வந்தது. “இனிப் புறப்படலாமன்றோ?” என்று அவர் சாவியை எடுத்தார். யாம் மீண்டும் படித்தோம். காப்பு அன்றிரவு 12 மணிக்கே தொடங்கும் என்றிருந்தது. தொடக்க நேரம் குறிக்கப்பட்டிருப்பின், காப்பும் அந்நேரத்திலிருந்தே செல்லும் என 1997 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளமையையும் கூறினோம்.

தந்தையாரின் முகம் சிவந்தது. “பணம் கட்டியும் பயன் இல்லையா?” என்றார். யாம் விடையிறுக்க அஞ்சி, அந்நெசவாளரின் பெயரை மட்டும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின் சாவியைச் சட்டைப்பையில் இட்டு, “அத்தை வீட்டிற்குப் போவோம்” என்றார்.

மறுநாட் காலை புறப்பட்டோம். தேவர்குளத்தை அடுத்து ஆட்டுமந்தையின் பின்னே சிறுவன் ஒருவன் திடீரெனச் சாலையின் குறுக்கே ஓடிவந்தான். வண்டி அவனுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. அவன் சிரித்துக்கொண்டே ஆடுகளை ஓட்டிச் சென்றான். தந்தையாரின் கைகள் நடுங்கின. அவர் எம்மை நோக்கவில்லை. முன்பலகைப் பெட்டியிலிருந்த பத்திரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்து, முன்னினும் மெல்ல வண்டியைச் செலுத்தினார்.

நண்பர்காள்! வண்டி நம்முடையதாயினும் வழி எல்லோர்க்கும் உரியது. அவ்வழியில் நடக்கும் முகமறியாதவர்க்கு நாம் செலுத்தும் கடனே அப்பத்திரம். அதன்பொருட்டு ஓரிரவு காத்திருத்தல் பெரிதன்று.