இருபது கிலோமீட்டர் கூடுதல்தான்... சிவகாசி வழியாக மிதித்துப் பாருங்கள்!

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போக வேண்டும் என்பது இன்று பல இளைஞர்களின் கனவு. இளைஞர்கள் மட்டுமல்ல, பணி ஓய்வு பெற்றவர்களும் கிளம்பிவிடுகிறார்கள். ஸ்ரீநகரில் தொடங்கிக் குமரிமுனையில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44-தான் அவர்களில் பலருக்கும் வழி. சுமார் 3,700 கி.மீ. டெல்லி, ஆக்ரா, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை என்று தாண்டி வருகிறவர்களுக்கு, விருதுநகர் வந்து சேரும்போது இன்னும் சுமார் 200 கி.மீ-தான் பாக்கி. இரண்டு நாள் மிதித்தால் கடல்.

இந்த இடத்தில்தான் ஒரு சிக்கல் வரும். இத்தனை நாள் மேடு, மழை, பஞ்சர், படுக்க இடம் என்று ஓடிய மனசுக்கு இப்போது வேலை இல்லை. நான்குவழிச் சாலை, இருபுறமும் கரிசல் காடு, சீமைக் கருவேலம், தலைக்கு மேலே வெயில். கால் தானாகச் சுற்றும். வீட்டு நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். 'இவ்வளவு தூரம் எதற்காக வந்தோம்?' என்ற கேள்வியும் கூடவே வரும்.

சாலையோர டீக்கடையிலும் அதையேதான் கேட்பார்கள். "எங்கருந்து வாரீக? தனியாவா? வீட்டுல விட்டாகளா?" கடைசியாக, "எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு நின்று யோசிக்க ஏற்ற ஊர்கள் இந்தப் பக்கம் இருக்கின்றன. விருதுநகரிலிருந்து நெடுஞ்சாலையிலேயே நேராகப் போனால் சாத்தூர் சுமார் 27 கி.மீ. அப்படிப் போகாமல் மேற்கே திரும்பி, ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குப் போய், அங்கிருந்து சாத்தூர் வந்து மறுபடி நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். கூடுதலாக ஆவது ஏறக்குறைய 20 கி.மீ. வீடு, வேலை, லட்சியம் மூன்றுக்கும் நடுவே மனிதர்கள் எப்படியெல்லாம் வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள் என்பதை இந்த ஒரு நாள் சுற்று காட்டிவிடும்.

அம்மாவை ஊரிலேயே விட்டவர்

முதல் நிறுத்தம் விருதுநகர். பருப்பும் மிளகாய் வற்றலும் எண்ணெயும் மணக்கும் வியாபார ஊர். எண்ணெயில் பொரித்தெடுக்கும் புரோட்டாவுக்கும் பேர்போனது. கடைத்தெருவின் நெரிசலைத் தாண்டி உள்ளே போனால், காமராஜர் பிறந்து வளர்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவரின் வீடு இவ்வளவு சின்னதா என்று வருகிறவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறார்கள்.

1903-ல் பிறந்த காமராஜர் சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. பையன் கடையைக் கவனிக்காமல் கூட்டம், ஊர்வலம் என்று திரிகிறானே என்று, திருவனந்தபுரத்தில் இருந்த இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே போயும் அவர் வைக்கம் போராட்டத்தில் போய் நின்றார். கல்யாணப் பேச்சும் பலிக்கவில்லை. கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1954-ல் முதலமைச்சர் ஆன பிறகும் தாயார் சிவகாமி அம்மாளைச் சென்னைக்குக் கூட்டிப்போய் உடன் வைத்துக்கொள்ளவில்லை. அம்மா வந்தால் சொந்தபந்தம் வரும், சொந்தபந்தம் வந்தால் சிபாரிசு வரும் என்பது அவர் கணக்கு. அம்மா வீட்டுக்கெனத் தனியாகப் போடப்பட்ட தண்ணீர்க் குழாயைக் கழற்றச் சொன்னார் என்ற கதையை இந்த ஊரில் இன்றும் சொல்வார்கள்.

நாட்டுக்கு அவர் செய்தது பெரிய காரியம். ஆனால், அந்த வீட்டுக்குள் நிற்கும்போது ஒரு தாயின் பக்கமும் நினைவுக்கு வரும். மகன் பெயரை ஊரே சொல்கிறது; மகன் மட்டும் பக்கத்தில் இல்லை. லட்சியத்துக்கு ஒரு விலை உண்டு. அதைப் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்துதான் கட்டுகிறார்கள். மாதக்கணக்கில் சைக்கிளில் சுற்றுகிறவர்கள் யோசிக்க வேண்டிய சங்கதி இது.

கல்கத்தா போய்த் திரும்பிய இருவர்

விருதுநகரிலிருந்து சிவகாசி சுமார் 25 கி.மீ. திருத்தங்கலில் சின்னக் குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில். 108 திவ்யதேசங்களில் ஒன்று. அதைத் தாண்டினால் சிவகாசி.

ஊர்ப் பெயருக்கே ஒரு பயணக் கதை இருக்கிறது. தென்காசியில் கோயில் கட்ட நினைத்த பாண்டிய மன்னன் காசியிலிருந்து ஒரு சிவலிங்கத்தைக் கொண்டுவந்தாராம். வழியில் லிங்கத்தைச் சுமந்துவந்த பசு இந்த இடத்தில் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் நகரவில்லை. லிங்கம் இங்கேயே பிரதிஷ்டை ஆனது; ஊர் சிவகாசி ஆனது. வடக்கிலிருந்து தெற்கே கிளம்பிய ஒரு பயணம் பாதியில் நின்றதால் பெயர் பெற்ற ஊர், வடக்கிலிருந்து வரும் சைக்கிள்காரர்களுக்குப் பொருத்தமான இடம்தானே!

சிவகாசியின் தொழிலும் ஒரு நெடும் பயணத்தில்தான் தொடங்கியது. மழை குறைவு, விவசாயம் நிச்சயமில்லை, வேலைக்கு வழியில்லை என்று ஊர் தவித்த காலம். 1922-ல் பி.அய்ய நாடார், ஏ.சண்முக நாடார் என்ற உறவுக்கார இளைஞர்கள் இருவர் ரயிலேறிக் கல்கத்தா போனார்கள். சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். விவசாயத்தைக் கெடுத்த அதே வறண்ட காற்று, தீக்குச்சி காயவைக்க வசதியாகப் போனது. பிறகு இருவரும் தனித்தனியாகத் தொழில் நடத்தினார்கள். அணில் மார்க் ஒருவருடையது, காக்கா மார்க் இன்னொருவருடையது. தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, பட்டாசு. லேபிள் ஒட்டும் தேவையிலிருந்து அச்சுத் தொழில். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் வரை வளர்ந்தது அப்படித்தான். அய்ய நாடார் பெயரும் அவர் மனைவி ஜானகி அம்மாள் பெயரும் சேர்ந்து இன்று சிவகாசியில் ஒரு கல்லூரியின் பெயராக இருக்கின்றன.

கிட்டத்தட்ட அதே சமயத்தில், 1923-ல், பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் ஆறு பேர் உலகைச் சுற்றிவர சைக்கிளில் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் மட்டும் சுற்றை முடித்து 1928-ல் வீடு திரும்பினார்கள். பாலைவனத்தைக்கூட சைக்கிளில் கடந்தவர்கள். அது உலகத்தைப் பார்க்கப் போன பயணம். சிவகாசிக்காரர்கள் போனது ஊருக்குப் பிழைப்பு தேட. இரண்டுக்குமே துணிச்சல் வேண்டும். கிளம்பும்போது கையில் என்ன காரணம் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

சாயங்காலம் திரும்ப வேண்டும்

இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இந்தப் பகுதியில் தயாராவது என்று சொல்லப்படுகிறது. இங்கே தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்', 'பயர் ஆபீஸ்' என்பார்கள். விடிகாலையிலேயே கிராமங்களுக்கு ஆபீஸ் வேன் வந்துவிடும். சைக்கிளில் போகிறவர்களும் உண்டு. ஹேண்டில்பாரில் மதியச் சாப்பாடு தொங்கும்.

சிவகாசி - சாத்தூர் சாலையில் மிதிக்கும்போது இருபுறமும் பார்த்தால், தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள் தெரியும். ஓர் அறையில் விபத்து நடந்தால் அடுத்த அறைக்குப் பரவக்கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி அது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது விதி. வெடி ரசாயனத்துக்கு இங்கே 'மருந்து' என்று பெயர். மருந்துக் கலவையில் ஓர் உராய்வு போதும், எல்லாம் முடிந்துவிடும்.

முடிந்தும் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் ஏறக்குறைய 20 பேர். பெரிய எண்கள் மட்டும்தான் நாடு முழுவதும் செய்தியாகின்றன. ஒருவர், இருவர் என்று இறப்பது உள்ளூர்ப் பக்கத்தோடு நின்றுவிடும். இறந்தவர்களில் கணவனும் மனைவியும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்த குடும்பங்களும் உண்டு.

வேலை இல்லாமல் போவதும் இன்னொரு பயம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்தது. சுற்றுச்சூழலை நினைத்தால் அதன் நியாயம் புரியும். ஆனால், அதன் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, சரம் பின்னியும் திரி செய்தும் குடும்பம் நடத்திய பெண்களின் அடுப்புதான் முதலில் அணைந்தது.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் போகிறார்கள்? 'எதுக்கு?' என்ற டீக்கடைக் கேள்வியை இங்கே திருப்பிக் கேட்டால், பதில் சொல்ல யாரும் யோசிக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்காக. நீண்ட தூரம் மிதிக்கிறவர் கிலோமீட்டரை எண்ணுகிறார். இங்கே வேலைக்குப் போகிறவர்களுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. காலையில் போனவர் சாயங்காலம் வாசலில் வந்து இறங்க வேண்டும். வீடு எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

மாலை நாலரை மணி சைக்கிள்கள்

மாலையில் இந்தச் சாலையில் இன்னொரு காட்சி கிடைக்கும். பள்ளி விட்டதும், ஒரே மாதிரி சைக்கிள்கள் வரிசையாக வரும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள்.

முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் இதே வயதுப் பிள்ளைகளும், இவர்களைவிடச் சின்னவர்களும், விடியும் முன்பே ஆபீஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டுத் தீப்பெட்டி அடுக்கப் போனார்கள். சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அந்தக் கதையை உலகத்துக்குக் காட்டியது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. அரசு, தொண்டு நிறுவனங்கள், ஆசிரியர்கள் என்று பலரும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். 'நம்மோடு போகட்டும்' என்று பெற்றோர்களும் முடிவெடுத்தார்கள்.

பலன் கண் முன்னே இருக்கிறது. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் மாவட்டம் பல வருடங்கள் மாநிலத்திலேயே முதலிடம். 2017, 2018, 2023 எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஆறாம் வகுப்போடு நின்ற காமராஜர், 1957-லும் 1962-லும் சட்டமன்றத் தேர்தலில் நின்று ஜெயித்த தொகுதி சாத்தூர். ஊர்தோறும் பள்ளி திறந்து, மதிய உணவு போட்ட அவர் இந்த சைக்கிள் வரிசையைப் பார்த்திருந்தால் நிச்சயம் சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்தப் பிள்ளைகளோடு ஒரு கிலோமீட்டர் சேர்ந்து மிதித்தாலே போதும். தூரத்திலிருந்து வந்த சைக்கிள்காரரைச் சுற்றிக்கொண்டு கியர் எத்தனை, விலை எவ்வளவு என்று கேட்பார்கள். அவர்களின் வண்டிக்கு கியர் கிடையாது. கேரியரில் ஒரு புத்தகப்பை. அதன் கனத்தில் அப்பா அம்மா இருவரின் கூலியும் இருக்கிறது.

கிளம்புகிறவர்களுக்கு...

பங்குனி, சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் வேண்டாம், வெயில் வாட்டிவிடும். ஆடியில் மேல்காற்று பக்கவாட்டில் தள்ளும். கார்த்திகை முதல் தை வரை நல்ல காலம். விடிகாலையில் விருதுநகரில் கிளம்பினால் வெயில் ஏறும் முன் சிவகாசி. நான்குவழிச் சாலையில் நிழல் குறைவு, தண்ணீர் கூடுதலாக இருக்கட்டும். பட்டாசு ஆலைகளின் பக்கம் நெருப்பு, சிகரெட் கூடவே கூடாது. அனுமதியில்லாமல் உள்ளே நுழையவும் வேண்டாம். நேரம் இருந்தால் சிவகாசியிலிருந்து சுமார் 20 கி.மீ போய் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோபுரத்தைப் பார்த்து, ஒரு பால்கோவாவும் வாங்கிக்கொள்ளலாம். சாத்தூர் வந்தால் காராச்சேவு. வெள்ளரிப்பிஞ்சு கிடைத்தால் விடாதீர்கள்.

சாத்தூரில் நெடுஞ்சாலை ஏறும் முன், செல்போனை எடுத்து வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். கன்னியாகுமரி எத்தனை கி.மீ என்று சொல்வது இருக்கட்டும். என்றைக்கு வீட்டுக்கு வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்கக் காத்திருப்பது அதைத்தான்.