விறகில் ஓடும் ஜெனரேட்டர்

ஜூலை பிறந்துவிட்டால் போடிமெட்டுக்கு மேலே இரண்டு விஷயம் நிச்சயம். ஏலக்காய் பறிப்புக்கு வரும், கரண்ட் போகும். தென்மேற்குப் பருவமழையில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் போதும், பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ராத்திரி முழுக்க இருட்டுதான். வீட்டில் விளக்கு எரியாவிட்டால் மெழுகுவத்தி ஏற்றிக்கொள்ளலாம். ஸ்டோரில் காற்றாடி நின்றால் அப்படிச் சமாளிக்க முடியாது.

ஸ்டோர் என்று மலையில் சொல்வது ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை. பறித்த காயை அன்றைக்கே உள்ளே ஏற்றியாக வேண்டும். ஏறக்குறைய 55 டிகிரி சூட்டில், முக்கால் நாளிலிருந்து ஒரு நாள் வரை காயவைத்தால் ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ காய்ந்த காயாகும். சூடு விறகிலிருந்து வருகிறது. அந்தச் சூட்டைத் தட்டுகளுக்கிடையே சுற்றவிட்டு ஈரக்காற்றை வெளியே தள்ளுவது மின்விசிறி. நடு ராத்திரியில் அது நின்றுபோனால் காய் தன் வேர்வையிலேயே புழுங்கிப் பச்சை நிறம் வெளுத்துவிடும். ஏலத்தில் நிறத்துக்குத்தான் விலை. அதனால் சின்ன ஸ்டோர்காரர்கூட ஒரு டீசல் ஜெனரேட்டரை வாங்கிப் போட்டுவிடுகிறார்.

போடியில் ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், “டீசலே இல்லாம விறகுல கரண்ட் எடுக்கிற ஆளு ஒருத்தர் நம்ம ஊர்ப் பட்டறையில இருக்கார், வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டதும் தமிழ்நாட்டில் யாருக்கும் முதலில் வருவது சந்தேகம்தான். மூலிகை பெட்ரோல் என்ற மோசடியை நம்பிக் கொண்டாடிய ஊர் நம்முடையது. ஆனால் விறகு வாயு அந்த ரகம் இல்லை. நூறு ஆண்டுப் பழக்கமுள்ள, கணக்குக்குக் கட்டுப்பட்ட சங்கதி.

பட்டறைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தேவாரம், கம்பம், போடியிலிருந்து விடியற்காலையில் கூலி ஆட்களை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப்புகளின் சேசிஸை ஒட்டவைத்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். பன்னிரண்டு வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வந்து, வெல்டிங் பிடித்து, பிறகு லேத் வைத்தார். பெயர் போட வேண்டாம் என்றார். “போட்டா நாளைக்கே நாலு பேரு வந்து எனக்கொண்ணு செஞ்சு குடும்பான். செஞ்சு குடுத்துரலாம் தம்பி. அதை யாரு ஓட்டுறது?”

அவர் செய்திருப்பதில் புதிதாக வாங்கிய பொருள் ஒன்றுகூட இல்லை. வெளிக்கூடு 200 லிட்டர் டிரம். அடுப்பின் இதயம் லாரியின் பழைய பிரேக் டிரம்; கெட்டியான வார்ப்பிரும்பு என்பதால் உருகாமல் நிற்கிறது. அதன் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு இடுங்கிய ஒரு துவாரம். அதற்குக் கீழே துளை போட்ட எவர்சில்வர் சட்டி, கரியைத் தாங்கும் சல்லடை அதுதான். சாம்பல் உதிர அதை ஆட்டுவதற்கு மோட்டார் சைக்கிளின் கிக்கரை வெளியே பற்றவைத்திருக்கிறார். மேல்மூடியை ஜீப்பின் பட்டை ஸ்பிரிங் ஒன்று அழுத்திப் பிடித்திருக்கிறது. உள்ளே வாயு குபீரென்று பற்றினால் மூடி ஒரு தும்மல் போட்டுவிட்டுத் தானாக உட்கார்ந்துகொள்ளும். போல்ட் போட்டு முடுக்கியிருந்தால் டிரம்மே பிளந்துபோகும். வாயுவைக் குடிக்கும் இன்ஜின் பழைய மாருதி ஆம்னியுடையது, 796 சிசி. அதோடு ஒரு ஆல்டர்னேட்டர்.

மேலே மரச்சில்லைக் கொட்டி, கீழே கரியில் நெருப்பு வைத்து, புளோயரால் காற்றை இழுக்கிறார்கள். தாராளமாகக் காற்று கொடுத்தால் அது வெறும் அடுப்பு. இங்கே மரம் முழுதாக எரியத் தேவையானதில் கால்பங்கு, மூன்றிலொரு பங்கு காற்றுதான் உள்ளே போகிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல் தகதகக்கும் அந்த இடுங்கிய துவாரத்தைத் தாண்டிக் கரிப்படுகைக்குள் இறங்கும்போது, கரியமில வாயு கார்பன் மோனாக்சைடாகவும் நீராவி ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. இவை இரண்டும் சேர்ந்தால் வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தேறும். பாதிக்குப் பாதி எரியாத நைட்ரஜன். பெட்ரோலில் காட்டிய சக்தியை ஆம்னி இதில் காட்டாததற்குக் காரணம் அதுதான். மூன்று கிலோவாட் தேறினால் பெரிது. ஸ்டோர் காற்றாடிக்கும் நாலு விளக்குக்கும் அது போதும்.

இதை எங்கே கற்றீர்கள் அண்ணே என்று கேட்டதற்குத் தாத்தாவிடமிருந்து ஆரம்பித்தார். தாத்தா போர்க்காலத்தில் கரி பஸ்ஸில் கிளீனர். 1928ல் மதுரையிலிருந்து போடிக்கு வந்த ரயில் பாதையை இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்து எடுத்துப்போனார்கள். 1950களில்தான் மறுபடி ரயில் வந்தது. போர்க்காலத்தில் பெட்ரோலுக்கும் கடும் தட்டுப்பாடு. அப்போது மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் வண்டிகளுக்காக டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கரிவாயுக் கலனைத் தயாரித்தார். ஐரோப்பாவில் அதே காலத்தில் லட்சக்கணக்கான வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின. ஜார்ஜ் இம்பர்ட் என்ற பொறியாளர் 1920களில் வடிவமைத்த கலன்தான் அவற்றுக்குப் பெரும்பாலும் முன்மாதிரி. போடிக்காரரின் பிரேக் டிரம்மும் அந்தப் பரம்பரைதான். தாத்தாவின் வேலை விடியுமுன் எழுந்து துருத்தி சுற்றுவதும், வழியில் வண்டியை நிறுத்திக் கரி கிளறுவதும். மேட்டில் வண்டி திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்களாம். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் கரிக்கலனை ஒரே நாளில் கழற்றி எறிந்தார்கள் என்று தாத்தா சொல்லிச் சிரிப்பாராம். அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவர் இதைத் திரும்பக் கட்டியிருக்கிறார்!

குழாய் விட்ட கணக்கு, சூறாவளிப் பிரிப்பானின் அளவு இதையெல்லாம் விளக்கினார். எனக்கு ஏறவில்லை, உங்களுக்கும் வேண்டாம். பார்க்க வேண்டியது தார்.

மரம் சூடேறும்போது முதலில் வருவது தார் கலந்த புகை. அது தகிக்கும் துவாரத்தைக் கடக்கும்போது முழுக்க உடைந்துவிட வேண்டும். சில்லு ஈரமாக இருந்தாலோ, சூடு குறைந்தாலோ, இன்ஜின் மெதுவாக இழுத்தாலோ உடையாமல் தப்பித்து வரும். சோதிக்க அவர் கருவி எதுவும் வைத்திருக்கவில்லை, பழைய வெள்ளை வேட்டிக் கிழிசல்தான். வாயு வரும் குழாயின் வாயில் அதைக் கொஞ்ச நேரம் பிடித்தார். முதலில் பிடித்த துணியில் டீக்கறை மாதிரி மஞ்சள் படிந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, “இன்னும் சூடு ஏறல” என்றார். குழாய் முனையில் தீக்குச்சி கிழித்து வைத்தால் பற்றுகிறது. ஆனாலும் இன்ஜினுக்குத் தரவில்லை. கால் மணி நேரம் கழித்து இன்னொரு துணி. லேசான சாம்பல் பூச்சு மட்டும். அப்புறம்தான் வால்வைத் திருப்பினார். ஆம்னி இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தேங்காய் நாரும் மரத்தூளும் அடைத்த வடிகட்டி டிரம் ஒன்றும் நடுவில் இருக்கிறது. அதைத் தாண்டியும் தார் போனால் ஓடும்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி இன்ஜின் ஆறியதும் கோந்து போல இறுகும். காலையில் ஸ்டார்ட் செய்தால் வால்வு ஒட்டிக்கொண்டு நிற்கும், தண்டு வளைந்துவிடும். அப்படி வளைந்த வால்வுகளை ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்குக் காட்ட.

மரத்திலும் சாதி உண்டு என்றார். போடிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் இலவமரம் உதவாது, நொடியில் பொசுங்கிப்போகும். வயசான காப்பிச் செடியைப் பிடுங்கிய கட்டை முதல்தரம். தேங்காய்ச் சிரட்டை அதைவிட மேல். ஏலத்தோட்டத்தில் மழைக்கு முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்யும்போது விழும் கிளைகள் நடுத்தரம்.

கலன் இப்போது நிற்பதும் நாங்கள் அதை ஓட்டிப் பார்த்ததும் பட்டறையில் அல்ல, மலைச்சரிவில், சிறு விவசாயி ஒருவரின் ஸ்டோருக்குப் பின்னால், திறந்த தகரக் கொட்டகையில். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனோம். அங்கே சில்லு வெட்டுகிறவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். அரிவாளும் மரக்குற்றியும்தான் ஆயுதம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகளாக வெட்ட வேண்டும்; நீளமாக இருந்தால் குறுக்கே சிக்கி மேலே பாலம் கட்டிவிடும், தூளாக இருந்தால் காற்று இறங்காது. வெட்டியதை ஸ்டோரின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் பரப்பிக் காயவைக்கிறார். ஈரம் ஐந்திலொரு பங்குக்குக் கீழே வர வேண்டுமே. ஆடி மழையில் இது லேசுப்பட்ட வேலையா?

பத்து மணி நேரம் மூன்று கிலோவாட் ஓடினால் 30 யூனிட். டீசல் ஜெனரேட்டர் என்றால் ஏறக்குறைய பத்து லிட்டர், இன்றைய விலையில் 900 ரூபாய்க்கு மேல். விறகில் என்றால் யூனிட்டுக்கு ஒன்றரைக் கிலோ வீதம் 45 கிலோ சில்லு. கவாத்துக் கிளைக்குக் காசு இல்லை என்பதால் விறகுக் கரண்ட் இலவசம் என்று தோட்டக்காரர் சொல்கிறார். பெரியவரின் கையும், ராத்திரியில் மணிக்கொரு தரம் எழுந்து சில்லு போட்டு, சல்லடை ஆட்டி, துணி பிடித்துப் பார்க்கும் தூக்கமும் அந்தக் கணக்கில் இல்லை. அவருக்கு உலை பார்க்கிற ஆள் என்ற பழைய கூலிதான்.

இதைக் கேட்டதும் எனக்கு எரிச்சல் தாளவில்லை. இந்த மலையின் பொருளாதாரமே இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. 2019ல் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது பத்திரிகைகள் பச்சைத் தங்கம் என்று எழுதின. ஆனால் சொந்த ஸ்டோர் இல்லாத சிறு விவசாயி பச்சைக்காயாகவே கொடுத்துவிட்டு முன்பணக் கடனில் கழித்துக்கொள்கிறார். ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும் அந்த ஒரு ராத்திரியில்தான் லாபம் கை மாறுகிறது. உலர்த்தும் சூடு யார் கையில் இருக்கிறதோ காய் அவர் கையில். நண்பர் வியாபாரி என்பதால் இதைக் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தார், மறுக்கவில்லை.

விறகு வாயுவில் மின்சாரம் எடுப்பதற்கு நம் நாட்டில் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1988லேயே கர்நாடகத்தின் ஹொசஹள்ளி கிராமத்தில் செய்து காட்டியது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, ஆர்.சண்முகம் தலைவராக இருந்தபோது, 2003ல் குடிநீர் இறைக்க 9 கிலோவாட் கலன் வைத்தது. அதே ஊராட்சி 2006ல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. பிகாரில் 2007ல் உமி வாயுவில் ஆரம்பித்த ஹஸ்க் பவர் பிற்பாடு சூரிய மின்சாரத்துக்குப் போய்விட்டது. காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் ராத்திரி எழுந்து சில்லு போட ஆள் வேண்டியதில்லை.

ஆனால் ஏலக்காய்க்கு முதலில் வேண்டியது சூடு, கரண்ட் அதற்குப் பிறகுதான். வாயுவை இன்ஜினுக்கு அனுப்பாமல் நேராக உலையில் எரித்தால் தார்த் தொல்லையே இல்லை; தாரும் சேர்ந்து எரிந்துபோகும். வால்வு வளையாது, வேட்டி கிழிக்க வேண்டாம். சாதாரண உலையைவிட விறகும் குறையும். சிக்கிமில் பெரிய ஏலக்காய் உலர்த்த டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் 1990களில் இதைத்தான் செய்தது. புகையில் கறுக்காமல் காய் தன் நிறத்தோடு வந்தது. பட்டறைக்காரரும் இதை ஒப்புக்கொள்கிறார். “அதுக்கு நான் வேண்டாம் தம்பி, சாதாரண வெல்டரே செஞ்சிருவான்” என்று சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம்.

இந்த வாயு உலையைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் சிறு விவசாயிகள்தான். உலர்த்தும் கருவிகளுக்கு ஸ்பைசஸ் போர்டு மானியம் தருகிறது. தனித்தனியாக ஜெனரேட்டர் வாங்கிப் போடுவதைவிட, பத்துப் பேர் சேர்ந்து வாயு உலையோடு ஒரு பொது ஸ்டோர் கட்டிக்கொள்ள அந்த மானியத்தைக் கேளுங்கள். சில்லு வெட்டுகிறவருக்கும் ராத்திரி கண்விழிக்கிறவருக்கும் தனிக் கூலியை அந்தக் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள். இதைப் படித்துவிட்டு யாராவது டிரம்மைத் தூக்கிக்கொண்டு வெல்டரிடம் ஓடினால் ஒரு எச்சரிக்கை: அந்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். மழை என்று கலனை ஸ்டோருக்குள்ளே தள்ளி வைக்காதீர்கள்.