பாட்டியின் பங்கு

சித்திரை முதல் நாள். மும்பை தாராவியில் நெல்லைக்காரர் மிகுந்த தெருவொன்றில் நீர்மோர்ப் பந்தல் அமைத்திருந்தனர். மோரில் பெருங்காயம் சற்றுத் தூக்கல். ஆயினும் நண்பகலுக்குள் பானை காலியாயிற்று. மோர் வார்த்துக்கொண்டிருந்த தாயொருவர், குடும்ப அட்டை ஊரில் கிடப்பதால் கடையில் விலைக்கே அரிசி வாங்க வேண்டியிருப்பதைச் சொல்லி வருந்தினார்.

“அட்டை எண் போதுமே அக்கா! ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. முன்னுரிமை அட்டைக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் இங்கேயே விலையின்றிக் கிடைக்கும்” என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

மறுநாள் நியாயவிலைக் கடையில் அவர் விரலை வைத்ததும், கருவியில் குடும்பத்தார் நால்வர் பெயரும் தோன்றின. நான்காவது, ஊரில் தனித்திருக்கும் மாமியாருடையது. 20 கிலோவையும் வாங்கிவிட்டால் அங்கே அவர் பங்கு என்னாகும்? தாய் தயங்கினார், பிறகு 15 கிலோ மட்டும் கேட்டு வாங்கினார்.

அன்றிரவு தொலைபேசியில் செய்தியறிந்த பாட்டி, “கோயில் கொடைக்கு வரும்போது அரிசியைச் சுமந்து வராதேம்மா. பொங்கலுக்கு என் பங்கு இருக்கிறது. பிள்ளைகளை மட்டும் அழைத்து வா” என்றார்.